பஞ்சுமிட்டாய்

திருவிழாக் கடைவீதியில் இந்தப் பண்டத்தைக் கண்ணுக்கு முன் காது கண்டுபிடித்துவிடும். விற்பவர் கையிலிருக்கும் மணி அப்படி.

சொல்லில் பாதி தமிழ், பாதி கடன். மீட்டா என்றால் இந்தியில் இனிப்பு. அதிலிருந்து வந்த மிடாயி அங்கே லட்டு, ஜிலேபி என எல்லா இனிப்புப் பண்டங்களுக்கும் பொதுப்பெயர். தமிழுக்கு வந்தபின் அது சுருங்கி, பெரும்பாலும் பிள்ளைகள் வாயில் அடக்கிக்கொள்ளும் சிறு பண்டமாகிவிட்டது. பழைய அகலம் முழுக்கத் தொலையவில்லை. சாத்தூர்க் கருப்பட்டி மிட்டாய் எண்ணெயில் பிழிந்து பாகில் ஊறவைப்பது. ஜிலேபிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

பண்டமும் இறக்குமதிதான். 1897-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இதற்கான இயந்திரத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர், நம்புங்கள், பல் மருத்துவர். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 'தேவதை இழை' என்ற பொருள்படும் பெயரில் விற்றது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'அப்பாவின் தாடி', இந்திக்காரர்களுக்குக் 'கிழவியின் கூந்தல்'. நமக்குப் பஞ்சு.

ஆனால் இயந்திரத்தருகே நின்று பாருங்கள். நடுக்கிண்ணத்தில் சூட்டில் உருகும் சீனி, கிண்ணம் சுழலச் சுழல நுண்துளைகள் வழியே சிதறி, காற்றுப் பட்டதும் நூலாக உறைகிறது. விற்பவர் குச்சியைச் சுழற்றி அந்த நூலைத்தான் சேர்க்கிறார். அவ்வகையில் யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'தும்பு முட்டாஸ்' துல்லியமானது. தும்பு என்றால் நார். தனித்தமிழில் வேண்டுமென்றால் 'சீனிநூல்' என்பேன். 'பஞ்சினிப்பு' என்பதிலும் பிழையில்லை, ஆனால் அப்படிக் கேட்டு எந்தக் குழந்தையும் அழாது.

பண்டத்தின் மவுசு இறங்கியதற்குக் காரணம் நிறம். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி இதில் கலந்திருந்தது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் தடை விதித்தன. வெறும் சீனியில் சுற்றினால் அது வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளையைக் கண்டால் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஜவுளிக்கடையிலோ 'பஞ்சுமிட்டாய் நிறத்தில் புடவை இருக்கிறதா?' என்று கேட்டால், இன்றும் கடைக்காரர் அந்த இளஞ்சிவப்பைத்தான் எடுத்து விரிக்கிறார்.