எழுந்து நின்றால் ஏன் குரல் கேட்கிறது?

நெல்லைக் கடற்கரை ஊரான உவரியிலிருந்து ஒரு மீனவத் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, கடலுக்குள்ள பத்து கிலோமீட்டர்ல வலை போட்டிருக்கோம். கரையில செல்போன் டவர் தெளிவாத் தெரியுது. ஆனா பேச்சு விட்டு விட்டுத்தான் கேக்கு. பலகை மேல ஏறி நின்னா சரியாகுது. ஒரு ஆள் உயரத்துல அப்படி என்ன இருக்கு?"

விடை பாதி அவர் கேள்வியிலேயே இருக்கிறது.

டவரிலிருந்து வரும் ரேடியோ அலை இரண்டு வழியாகப் படகை எட்டுகிறது. ஒன்று நேராக வரும். இன்னொன்று கடல்மேல் பட்டுத் தெறித்து வரும். இரண்டும் சேர்ந்ததைத்தான் போன் கேட்கிறது. இதுவரை பள்ளிப்பாடம்.

எனக்குப் பிடித்த இடம் அந்தத் தெறிப்பு. கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை மேல்நோக்கி ஒரு உதறு உதறிப் பாருங்கள். மேடாகப் போனது தூணில் மோதிப் பள்ளமாகத் திரும்பி வரும். கடலை ஏறக்குறைய உரசிக்கொண்டு போய்ப் படும் ரேடியோ அலையும் இப்படித்தான் தலைகீழாகிறது. நேர் அலை மேடாக வரும் நேரத்தில் தெறித்த அலை பள்ளமாக வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

முழுசாக ஏன் தின்பதில்லை? தெறித்த அலை வரும் வழி கொஞ்சம் நீளம். எவ்வளவு நீளம் என்றால், டவர் 40 மீட்டர், போன் தண்ணீருக்கு மேல் 1 மீட்டர், தூரம் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெறும் 8 மில்லிமீட்டர். ஒரு நெல்மணி நீளம்! செல்போனுக்கு வரும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 33 சென்டிமீட்டர். கடலை முழுக் கண்ணாடியாக வைத்துக் கணக்குப் போட்டால், நேர் அலையின் வலிமையில் நூறுக்குப் பதினைந்து பங்குதான் மிஞ்சும். தம்பி எழுந்து நின்று போனை 2 மீட்டருக்குக் கொண்டுபோனால் அந்த நெல்மணி இரண்டாகிறது. மிஞ்சும் வலிமையும் இரட்டிப்பு. சக்தி வலிமையின் வர்க்கம் என்பதால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. அவர் கேட்ட ஆள் உயரத்தில் இருப்பது இதுதான். அலை படகைத் தூக்கி இறக்கும்போது குரல் வந்து வந்து போவதற்கும் இதுவே காரணம்.

கொந்தளிக்கும் கடல் எப்படிக் கண்ணாடியாகும் என்று தோன்றலாம். கரும்பலகையைக் கண்ணோடு ஒட்டிச் சாய்த்துப் பாருங்கள், ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும். அவ்வளவு தாழ்ந்த கோணத்தில் ஒரு மீட்டர் உயரக் கடலலையும் ரேடியோவுக்கு வழுவழுப்புதான். கடல் இன்னும் கொந்தளித்தால், அல்லது ரேடியோ அலையின் நீளம் குறைந்தால், தெறிப்பு பல துண்டாகச் சிதறும். அப்போது ஒவ்வொரு நொடியையும் கணிக்க முடியாது. சிக்னலைத் தொடர்ந்து பதிவு செய்து, எத்தனை நேரம் எந்த அளவுக்குக் கீழே போனது என்று எண்ணத்தான் வேண்டும். சிக்னல் எவ்வளவு அடிக்கடி எந்த அளவுக்கு விழும் என்று சொல்லும் கணக்குச் சூத்திரங்கள் உண்டு: நேர் அலை ஓங்கியிருந்தால் ரைஸ் பரவல் பொருந்தும். சிதறல் மட்டுமே இருந்தால் ராலே பரவல். ராலே கணக்கில், நூறில் ஒரு பங்கு நேரம் சக்தி சராசரியின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும். அந்த ஒரு பங்கு நேரத்தில்தான் புயல் எச்சரிக்கை வருகிறது என்று வையுங்கள். 2017 ஒக்கியை இந்தக் கரை மறக்காது. அதனால்தான் சொல்கிறேன்: நம் கடலோரக் கல்லூரிகளுக்கு ஒரு ரிசீவர், காற்று ஈரம் அளக்கும் கருவி, ஒரு வருடச் செலவு, இவ்வளவு கொடுத்தால் போதும். பெரிய ஆய்வகக் கட்டடத்தைவிட அந்தப் பதிவேடு பயன்படும்.

வருடம் முழுக்க என்று சொல்லக் காரணம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்னும் மேற்குக் காற்று காய்ந்து வீசும். கடலை ஒட்டிய காற்றோ ஈரம் நிறைந்தது. உலர்ந்த காற்று ஈரக் காற்றின் மேல் போர்வை மாதிரி படியும்போது, மேலே போகவேண்டிய அலை வளைந்து கடலை நோக்கியே இறங்கும். திரும்பத் தெறிக்கும், திரும்ப வளையும். இப்படி ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல அடிவானத்தையும் தாண்டிவிடும். 250 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் கொழும்பு எஃப்எம் சில ராத்திரி உவரியில் பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி கேட்பது இந்த மாதிரிக் குழாய் வழியாகத்தான்.