உணவுக்குழாயில் குவியும் ஈசினோஃபில்கள்

நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, விழுங்கிய கவளம் நெஞ்சிலேயே நின்றுவிட்டதைப் போன்ற அடைப்பு ஆகியவற்றோடு வருபவருக்கு முதலில் தரப்படுவது அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைதான். பெரும்பாலோருக்கு அது பயன் தருகிறது. மாதக்கணக்கில் அதை உண்டும் தொல்லை தீராதவர்களில் சிலருக்கு நோயின் வேர் அன்றாட உணவிலுள்ள ஏதோ ஒரு புரதம். 1995-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், எதுக்களிப்புச் சிகிச்சைக்குக் கட்டுப்படாத 10 குழந்தைகளுக்குப் புரதத்திற்குப் பதிலாக அமினோ அமிலங்கள் கொண்ட பால்மாவைக் கொடுத்தபோது, 8 பேருக்கு அறிகுறிகள் மறைந்தன, மற்ற இருவருக்குக் குறைந்தன. பழைய உணவுகளைத் திரும்பக் கொடுத்ததும் அறிகுறிகள் திரும்பி வந்தன.

ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி எனப்படும் இந்நோயில், உணவுப் புரதத்தால் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-13 என்னும் பொருளைச் சுரக்க, அதன் விளைவாக உணவுக்குழாயின் உட்புறச் செல்கள் இயோடாக்சின்-3 என்னும் ஈர்ப்புப் புரதத்தை வெளியிடுகின்றன. அதனால் ஈர்க்கப்படும் ஈசினோஃபில் வெள்ளையணுக்கள், இயல்பாகத் தாம் இல்லாத அந்தச் சுவரில் வந்து குவிந்து அழற்சியை நீட்டிக்கின்றன. கவனிக்காமல் விட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல சுவர் தடித்து, வளையம் வளையமாக இறுகி, குழாயே குறுகிவிடக்கூடும்.

இது வேர்க்கடலை உண்ட சில நிமிடங்களில் உதடு வீங்கும் ஒவ்வாமையைப் போன்றதன்று. மெதுவாக வளர்வதால் உணவின் மீது யாருக்கும் ஐயம் எழுவதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனை குற்றவாளி உணவை நம்பகமாகக் காட்டுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் 'ஈசினோஃபில் கூடவில்லை' என்று வந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. எண்டோஸ்கோபியின்போது பல இடங்களில் திசு எடுத்து, நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோஃபில்கள் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் மென்று, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து, இறைச்சியையும் ரொட்டியையும் தவிர்த்துப் பழகிவிட்டவர்கள் அதைத் தம் இயல்பென்றே நம்புவதால், மருத்துவர் கேட்டாலன்றி இப்பழக்கங்கள் வெளிவருவதில்லை. அக்கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையே இயோடாக்சின்-3 சுரப்பையும் தணிப்பதால் சிலருக்கு அதுவே போதுமானதாகிறது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், கடலுணவு ஆகிய ஆறையும் விலக்குவது இன்னொரு வழி. 2023-இல் வெளியான ஆய்வில், பாலை மட்டும் விலக்கிய பெரியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும், ஆறையும் விலக்கியவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் அழற்சி தணிந்தது. ஆதலால் பாலிலிருந்து தொடங்குவது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் சோதனைக்கு முன்பே தாமாகப் பாலை நிறுத்திவிட்டால், திசுவில் தெரிய வேண்டிய தடயம் மறைந்துபோகலாம்.