வலை பொத்தும் கையில் நரம்பு ஒட்டிக்கொள்வது எப்படி?

திருகோணமலைக் கரையோரத்தில் நாள் முழுவதும் வலை பொத்துகிறவர்களுள் சிலருக்கு, இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து, கையை உதறினால் மட்டுமே சற்று இதம் கிடைக்கிறது. வயதின் கோளாறு என்று இதை ஒதுக்கிவிடுவது தவறு. மணிக்கட்டின் ஒடுங்கிய வழியில் 9 தசைநாண்களோடு நெருங்கிச் செல்லும் நடு நரம்பு அங்கே பல வேளைகளில் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

நரம்பு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. விரலை மடக்கும்போதும் முழங்கையை நீட்டும்போதும் தன்னைச் சூழ்ந்த மென்மையான இழையத்தினூடே வழுக்கிச் செல்கிறது. ஒரே அசைவு பலத்தோடு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது அவ்விழையம் அழற்சியுற்று வீங்குகிறது. அந்த வழியினுள் அழுத்தம் (குருதியழுத்தத்தை அளக்கும் அதே அலகில்) 20 முதல் 30 மில்லிமீற்றர் இரசத்தை எட்டினாலே நரம்பின் சிறு நாளங்களில் குருதியோட்டம் தடைப்படத் தொடங்குகிறது. அழற்சி நீடித்தால், கொலாஜன் என்னும் புரத நார்கள் தழும்பாகத் தாறுமாறாகப் படிந்து நரம்பைச் சுற்றுப்புறத்தோடு ஒட்டவைக்கின்றன. அதன்பின் கையின் ஒவ்வொரு அசைவும் நரம்பை வழுக்கச் செய்வதற்குப் பதிலாக இழுத்து நோகச் செய்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில், உணவுக்காக நெம்புகோலை வாரக்கணக்கில் இழுத்த எலிகளின் நடு நரம்பைச் சுற்றி இத்தகைய தழும்பும், நரம்பு செய்தியைக் கடத்தும் வேகத்தில் வீழ்ச்சியும் காணப்பட்டன. அவ்வாறே நெம்புகோலை இழுத்த வேறு எலிகளின் முன்னங்கால்களைக் கையால் நீவியும் அசைத்தும் வந்தபோது தழும்பு குறைவாகவே உருவானதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

உடற்பயிற்சியின் பயனும் இந்த வழுக்கலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் எல்லா நீட்டலும் நன்மை செய்வதில்லை. நரம்பு தன் நீளத்தில் 8 விழுக்காடு நீண்டாலே அதன் நாளக் குருதியோட்டம் குன்றுகிறது. முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டைத் தளர்த்தி, முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்தால், நரம்பு இழுபடாமல் இடம்பெயர்கிறது. 2008இல் இறந்தோர் உடல்களில் அளந்தபோது, இம்முறையில் நடு நரம்பு மணிக்கட்டில் 12.6 மில்லிமீற்றர் நகர்ந்தது. இரு முனையிலும் ஒருசேர இழுத்தபோது 6.1 மில்லிமீற்றரே நகர்ந்தது, இழுவையோ பல மடங்கு கூடியது.

ஆகவே, வேலையின் இடையிடையே நோவு எழாத அளவில் மெதுவாகச் செய்யும் அசைவே பொருத்தமானது. ஏற்கனவே இறுகிய தழும்பைப் பயிற்சி கரைத்துவிடும் என்று நம்பக்கூடாது. பெருவிரலின் அடித்தசை மெலிந்துவிட்டால் பயிற்சியோடு காத்திராமல் வைத்தியசாலைக்குச் சென்று நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.