அது மகரக்கட்டு, சாதகக் குறை இல்லை

தருமபுரியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களிலிருந்து தொண்டை கட்டிப்போன கூத்துக்காரர்கள் என்னிடம் வருவது வழக்கம். சில வருஷமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. டிவி பாட்டுப் போட்டிக்குப் போய்வந்த பிள்ளைகள்.

போன வருஷம் வந்த ஒரு பையனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வீட்டார் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாலக்கோடு பக்கம். வயது பதின்மூன்று. அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் வேலை. தாத்தா ஒரு காலத்தில் கூத்து வாத்தியார்.

பையன் பேசவே இல்லை. அம்மாதான் போனை நீட்டினார். நிகழ்ச்சியிலிருந்து வெட்டிப் போட்ட இரண்டு நிமிஷ வீடியோ. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் அவன் குரல் பிளந்து, கீழே விழுந்து, மறுபடி ஏறுகிறது. அடுத்த சரணத்திலும் அதே இடத்தில் அதே கதி. ஒரு நடுவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்துகிறார். "வீட்ல சாதகமே பண்றதில்லையா? இந்த மேடையோட அருமை தெரியுமா உனக்கு?" சாதகம் என்றால் பாட்டுப் பயிற்சி. இன்னொருவர், "போன ரவுண்ட்ல கைதட்டினோம்ல, தலைக்கனம் ஏறிடுச்சு" என்கிறார். பின்னணியில் சோகமாக வயலின். பையன் முகம் க்ளோசப்பில். வீடியோ ஓடி முடியும்வரை அவன் என் அறைச் சுவரில் மாட்டியிருந்த காது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போ இருந்து தம்பி இப்படி உடையுது?" என்று கேட்டேன். "ரெண்டு மாசமா டாக்டர்" என்றான். அந்த மூன்று சொல்லே இரண்டு குரலில் வந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த தாத்தா அப்போதுதான் வாய் திறந்தார். "இது மகரக்கட்டுங்க. எங்க கூத்து ஜமாவுல பையனுக்கு இது வந்தா பாட விடமாட்டோம். ஒரு வருஷம் தாளம் போட்டுக்கிட்டு இருடான்னுடுவோம்."

பெரியவர் சொன்னது சரி. பருவ வயதில் பையன்களின் குரல் உடைந்து மாறுவதைத்தான் மகரக்கட்டு என்பார்கள். கேமரா விட்டுப் பார்த்தேன். அவனுக்கும் திரையைத் திருப்பிக் காட்டினேன். குரல் நாண்கள் இரண்டும் வெளுப்பாக இருக்க வேண்டும். அவனுக்குச் சிவந்திருந்தன. இரு பக்கமும் நேருக்கு நேராக நொய்யரிசி அளவில் சின்ன முடிச்சு. சிவப்பும் முடிச்சும் வந்தது கத்திப் பாடியதால். ஆனால் குரல் உடைவதற்குக் காரணம் வளர்ச்சி.

பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்துக்குள் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண் நீண்டு தடிக்கிறது. நீளமான நாண் மெதுவாகத்தான் அதிரும். சிறுவன் பேசும்போது அது நொடிக்கு 250 தடவை போல அதிர்கிறது. வளர்ந்த ஆணுக்கு 100 முதல் 130 தடவைதான். அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, ஒரு ச-விலிருந்து கீழ் ச வரை, இறங்கிவிடுகிறது. கட்டை என்பது பாடும் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையன் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்பான். நடுவில் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயும், தசை பழைய கணக்கிலேயே நாணை இழுக்கும், நாணோ வேறாகியிருக்கும். அதனால்தான் வழுக்குகிறது. பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், இறக்கம் குறைவு என்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. இதற்குச் சாதகத்தைக் கூட்டுவது மருந்தில்லை. கூட்டினால் முடிச்சுதான் பெரிதாகும்.

சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலேயே மகரக்கட்டு வந்த பையனைப் பாட்டு வேஷத்திலிருந்து மாற்றிவிடுவார்கள். கூத்து ஜமாவுக்கும் அந்தக் கம்பெனிகளுக்கும் தெரிந்த இந்த விஷயம், பாட்டையே தொழிலாகக் கொண்ட நடுவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "தம்பி, உனக்கு என்ன வயசு? எத்தனை நாளா இப்படி?" அவ்வளவுதான். கேட்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

பையன் மெல்ல மெல்லச் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. ரிகர்சலிலேயே இரண்டு கட்டை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ட்ராக் ரெடியாகிவிட்டது, ஒரிஜினல் ஸ்ருதியில்தான் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நடுவர் திட்டியபோது இதை அவன் மேடையிலேயே சொல்லியும் இருக்கிறான். ஒளிபரப்பில் அது இல்லை. அதே எபிசோடில் வரி மறந்த ஒரு சின்னப் பெண்ணை அருகே அழைத்து, "பரவாயில்ல கண்ணு, மறுபடி பாடு" என்றார்கள். அந்தக் குழந்தைக்கு அப்படிச் சொன்னது நியாயம். அதே நியாயம் இவனுக்கும் உண்டு.

பாட்டில் தப்பு இருந்தால் மார்க்கைக் குறைக்கட்டும். சுருதி விலகியது, தாளம் தவறியது என்று சொல்லட்டும். சோம்பேறி, தலைக்கனம் பிடித்தவன் என்று ஒரு குழந்தையை ஊர் முன்னால் நிறுத்திச் சொல்ல எந்த மார்க் ஷீட்டிலும் இடமில்லை.

அப்புறம் நேரம். காலை எட்டு மணிக்கு மேக்கப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் முறை வந்தபோது ராத்திரி பதினொன்று. நாள் பூராவும் ஏசி அறையில், சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல். எந்தத் தொண்டை தாங்கும்? குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் செய்த திருத்தத்தை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத குழந்தைக் கலைஞரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. இந்த அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம், நகல்கூடத் தரவில்லை. அதைப் படித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

2008-ல் கொல்கத்தாவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். டிவி நடனப் போட்டியில் நடுவர்கள் கடுமையாகப் பேசிய பிறகு பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குப் பேச்சு நின்றுபோய், நம் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சிகிச்சை கொடுத்தார்கள். காரணம் அது மட்டும்தானா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, நான் பார்த்த நோயாளி இல்லை. ஆனால் அதிர்ச்சியில் குரல் நின்றுபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாண்களில் ஒரு குறையும் இருக்காது. இருமச் சொன்னால் கணீரென்று சத்தம் வரும், பேசச் சொன்னால் காற்றுதான் வரும். நடிப்பு என்று நினைத்து வீட்டில் அடிப்பார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அது நோய், சரியாகக்கூடியது. பிள்ளை போட்டியிலிருந்து வந்து இரண்டு வாரமாகியும் யாரோடும் பேசாமல், தூங்காமல், பள்ளிக்கூடம் போக மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

இவனுக்கு நான் மாத்திரை அதிகம் எழுதவில்லை. நிறையத் தண்ணீர், கத்தக் கூடாது, உச்ச ஸ்தாயிப் பாட்டுக்கு ஆறு மாசம் லீவு, வாரம் ஒரு முறை குரல் பயிற்சி. பாடவே கூடாது என்று சொல்லவில்லை. வசதியான சுருதியில் மெதுவாகப் பாடலாம்.

அம்மாவிடம் ஒரு பக்கத்துக்கு மருத்துவச் சான்று எழுதிக் கொடுத்தேன். சேனல்களின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2021-ல் வந்த கேபிள் டிவி விதி. அது திருப்தி தரவில்லை என்றால் மேலே ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். அந்த அம்மா எட்டாவது வரை படித்தவர். அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் எழுதி அனுப்பினாள். மன்னிப்பு வரவில்லை. ஆனால் யூடியூபில், "நடுவரைக் கோபப்படுத்திய சிறுவன்" என்ற தலைப்போடு இருந்த அந்த இரண்டு நிமிஷ வீடியோவை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதைப் போட்டுக் காட்டித்தான் அவனை அழ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மாசம் கழித்துச் செக்கப்புக்கு வந்தான். முடிச்சு கரைந்திருந்தது, நாண்கள் வெளுத்திருந்தன. அறைக்குள் வரும்போதே, "இப்ப ஒன்றரைக் கட்டைங்க டாக்டர்" என்றான், ஒரே குரலில். தாத்தா ஆர்மோனியம் வைத்துப் பார்த்துச் சொன்னாராம்.