கூரை விளக்கும் கறுப்பு ஒயரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை விட்டதும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து பிக்கப்கள் வரிசையாக டவுனுக்கு வரும். பாதிக்கு மேல் வண்டிகளின் நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள் எரியும். இந்த மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 80 அங்குலமும் (2,032 மி.மீ.) அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிகளுக்கு இது சட்டம்: ஓரத்து இரண்டும் அகலத்தைக் காட்டும், நடு மூன்றும் ‘வருவது பெரிய வண்டி’ என்று சொல்லும். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் அகலம் சுமார் 1,855 மி.மீ.தான். ஆக, இங்கே எல்லாம் அழகுக்குத்தான்.

என் மச்சானும் மாட்டினார். மூன்றே மாதத்தில் ஐந்தும் மங்கிவிட்டன. “பல்புதான் சரியில்ல மச்சான்” என்று இரண்டு முறை மாற்றினார். அப்புறம் சுவிட்ச். அப்புறம் பேட்டரி மேல் சந்தேகம். கறுப்பு ஒயரை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்திருக்கிறது. விளக்குக்குப் போன கரண்ட் அந்த இரும்பு வழியாகத்தான் திரும்புகிறது. அதைத்தான் எர்த் என்கிறோம். விளக்கை அதோடு சேர்ப்பதுதான் கறுப்பு ஒயர். மாட்டியவர் கறுப்பு ஒயரைக் கூரைக்கு அடியில் பெயிண்ட் மேலேயே வைத்து ஒரு ஸ்குரூவை முறுக்கிவிட்டார். பெயிண்டில் கரண்ட் பாயாது. ஸ்குரூவின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டது. விளக்குக்குப் போட்ட துளை வழியே மழைத் தண்ணீர் கசிந்து, அந்த மரையும் துருப்பிடித்தது.

துரு எவ்வளவு கெடுக்கும்? 5 வாட் பல்பு ஐந்து என்றால் சுமார் 2 ஆம்பியர். துருவின் தடை வெறும் 1 ஓம் என்றாலும், அந்த இடத்திலேயே 2 வோல்ட் கரைந்துவிடும். 12-க்குப் பதில் 10 வோல்ட்தானே, என்ன போச்சு என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். ஆறில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதி போய்விடும். எல்ஈடி குறைவான கரண்ட் இழுப்பதால் இந்தக் கோளாறை நெடுநாள் மறைத்து வைக்கும்.

வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரில், ஒயர் விட்டுப்போகவில்லை என்று சொல்லும் ‘பீப்’ சத்தத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். பல மீட்டர்களில் 30 ஓம் இருந்தால்கூட அது அடிக்கும். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட்டேஜ் குறையவும் குறையாது. அதனால் விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும்: மீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் ஒரு முனை விளக்கின் கறுப்பு ஒயரில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சரி. மச்சான் வண்டியில் 1.9 காட்டியது.

விளக்கு மாட்டும்போது இன்னும் சில கவனிக்க வேண்டும். பியூஸ் இருப்பது ஒயரைக் காக்கத்தான், பல்பை அல்ல. எனவே அதன் இடம் பேட்டரிக்குப் பக்கத்தில். கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஒயர் இழுக்கும்போது அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் முன்னால் ஒயர் போகக்கூடாது. இந்த விளக்குக்கு அனுமதி உண்டா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் வளைய முனை வைத்து போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினோம். மீட்டர் 0.05-க்கு இறங்கியது. மச்சான் கழற்றிப் போட்ட பத்து நல்ல பல்புகள் இன்னும் டாஷ்போர்டில் உருண்டுகொண்டிருக்கின்றன.