பிரிப்பதா, மாற்றுவதா: பழைய தோட்ட டிராக்டர் இன்ஜினை அளந்து பார்த்து முடிவெடுப்பது

புல் வெட்டவும் பனி தள்ளவும் 1960, 70களில் அமெரிக்க வீடுகளில் வாங்கிய தோட்ட டிராக்டர்களில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் என்று பெயர் எதுவாக இருந்தாலும், பானெட்டைத் தூக்கினால் பலவற்றில் இருப்பது கோலர் நிறுவனத்தின் கே வரிசை இன்ஜின். அதில் 12 குதிரைத்திறன் கொண்ட கே301-ஐ இங்கே எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் பெட்ரோல் இன்ஜின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85.7 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82.5 மி.மீ., கொள்ளளவு 476 சி.சி. வால்வுகள் ஹெட்டில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கின்றன. பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு.

இந்த வார்ப்பிரும்பு இருப்பதால்தான் பிரிப்பதா மாற்றுவதா என்ற கேள்வியே வருகிறது. போரை 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று மூன்று படிகளில் பெரிதாக்கலாம். வால்வு வந்து அமரும் சீட்டைத் திரும்ப வெட்டலாம். கிராங்க் பின்னை, அதாவது கனெக்டிங் ராடு பிடித்திருக்கும் கிராங்க் ஷாஃப்டின் உருளைப் பகுதியை, ஒரு முறை கிரைண்ட் செய்யலாம். தேய்வதும் புதுப்பிப்பதும் முன்கூட்டியே யோசித்து வடிவமைத்த இன்ஜின் இது. ஆனால் எல்லா கே301-க்கும் அந்தச் செலவு தகாது. எதற்குத் தகும் என்பதைப் புகையை வைத்தோ சத்தத்தை வைத்தோ சொல்ல முடியாது. நல்ல இன்ஜின்கள் எத்தனையோ புகை அடித்த ஒரே குற்றத்துக்காக இரும்புக்கடைக்குப் போயிருக்கின்றன.

நீலப்புகை என்றால் எரிவது ஆயில். அந்த ஆயில் எந்த வழியாக மேலே ஏறுகிறது என்பதுதான் கேள்வி. எல்லோரும் முதலில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் கேஸின் காற்றுப்போக்கியான பிரீதர். பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்றை ஏறக்குறைய அரை லிட்டர் அளவுக்கு நெருக்குகிறது. வால்வு மூடித் தகட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய ரீடு அந்தக் காற்றை வெளியே விடும்; பிஸ்டன் ஏறும்போது மூடிக்கொண்டு வெளிக்காற்றைத் தடுக்கும். அதனால் கிராங்க் கேஸில் எப்போதும் லேசான வெற்றிடம் நிற்கும். ரீடு வளைந்தாலோ, பிசுக்கேறி ஒட்டிக்கொண்டாலோ அந்த வெற்றிடம் போய் அழுத்தம் சேரும். சீலிலும் வால்வு கைடிலும் ஆயில் பிதுங்கும், புகையும் வரும். ரிங் மேல் எந்தத் தப்பும் இருக்காது.

சோதிப்பது எளிது. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துப் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கார்க்கில் செருகி ஆயில் ஊற்றும் துளையில் அடையுங்கள். இன்ஜினை 3,200 சுற்றுக்கு மேல் ஓடவிட்டால் இன்ஜின் பக்கம் தண்ணீர் ஏற வேண்டும். இரு பக்க மட்டங்களுக்கும் வித்தியாசம் 12 முதல் 25 செ.மீ. இருந்தால் நல்லது. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் குழாயைக் கிளிப் போட்டு நெரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கிராங்க் கேஸுக்குள் போய்விடும். தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது காஸ்கெட்டோடு மாட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கும் இதேபோல ஒரு மலிவான காரணம் உண்டு. வால்வு சீட் தேயத் தேய வால்வு கீழே இறங்கி, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கிவிடும். சூடானதும் தண்டு நீண்டு வால்வு முழுதாக மூடாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக்கில் 0.20–0.25 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.43–0.50 மி.மீ. இருக்க வேண்டும். பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் பாயிண்டின் இடைவெளி 0.5 மி.மீ. இந்த மூன்றையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

இனி கம்ப்ரஷன். சாதாரண கம்ப்ரஷன் கேஜை இந்த இன்ஜினில் நம்பக் கூடாது. ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையட்டும் என்று கேம் ஷாஃப்டில் ஒரு சிறு எடை வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முதல் பகுதியில் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து வைத்திருக்கும். வேகம் பிடித்ததும் விலகிவிடும். அதனால் நல்ல இன்ஜினும் கேஜில் சோகையாகத்தான் காட்டும். பிளக் வயரை எர்த் செய்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் சுற்றிப் பாருங்கள்: வால்வும் ரிங்கும் நன்றாக இருந்தால் ஃப்ளைவீல் எகிறித் திரும்பும், சவசவவென்று தாண்டிப் போகாது.

இதைவிடத் தெளிவான சோதனை லீக்டவுன். இரண்டு வால்வும் மூடியிருக்க, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்து, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. 80 பி.எஸ்.ஐ. கொடுத்தால் இந்த பிஸ்டனின் மேல் விழும் விசை 320 கிலோவைத் தாண்டும். கிராங்க் ஷாஃப்டை அசையாமல் பூட்டாவிட்டால் ஃப்ளைவீல் சுழன்று கையை உடைத்துவிடும். கார்ப்பரேட்டரில் ‘உஸ்’ என்றால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் துளையில் என்றால் ரிங். ஹெட்டின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் பூசினால் காஸ்கெட் கசிவு குமிழியாகத் தெரியும். 10 சதவீதத்துக்குள் கசிந்தால் நல்ல இன்ஜின். 30-ஐத் தாண்டினால் பிரித்தாக வேண்டும். கசிவு வால்வில் மட்டும் இருந்தால் மாற்றுவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஹெட்டைக் கழற்றி வால்வை லேப் செய்து (சீட்டோடு பசை வைத்துத் தேய்த்துப் பொருத்தி) சேர்த்துவிடலாம். கழற்றிய ஹெட்டைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.08 மி.மீ. தகடு உள்ளே போனால் ஹெட் வளைந்திருக்கிறது.

ஆனால் பணத்தைத் தின்பது இவை எதுவும் அல்ல. கே301-இன் விதியை முடிவு செய்யும் இடம் கிராங்க் பின்.

இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டிபோல ஒரு நாக்கு இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் முங்கி எல்லாப் பக்கமும் அடித்துத் தெளிக்கும். ராடு அலுமினியத்தால் ஆனது. கார் இன்ஜினில் இருப்பதுபோல மாற்றக்கூடிய பேரிங் ஷெல்லும் கிடையாது. ராடின் அலுமினியமே பேரிங். கொள்ளும் ஆயில் 1.9 லிட்டர்தான். அது குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் நெடுநேரம் வெட்டினாலோ நாக்குக்கு ஆயில் எட்டாது. சில நிமிடங்களில் அலுமினியம் உருகிப் பின்னில் அப்பும். ராடு பிடித்து உடையும். உடைந்த முனை 3,600 சுற்று வேகத்தில் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அந்த நிலைக்குப் போகுமுன் இன்ஜின் அறிகுறி காட்டும். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பொடிபோல மினுங்கி, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது ராடின் அலுமினியம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கேம், கியர் பக்கம் சந்தேகப்படுங்கள். அடுத்து, ஹெட்டைக் கழற்றியபின் பிஸ்டனை ஸ்ட்ரோக்கின் நடுவே நிறுத்தி, ஒரு கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி வைத்து, மறுகையால் ஃப்ளைவீலை மயிரிழை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃப்ளைவீல் அசையும் அதே கணம் பிஸ்டனும் அசைய வேண்டும். ஃப்ளைவீல் கொஞ்சம் சும்மா நகர்ந்து, பிறகு ‘டக்’ என்று பிஸ்டன் கிளம்பினால் ராடில் ஆட்டம் இருக்கிறது. கிராங்கின் ஆரம் சுமார் 41 மி.மீ., ஃப்ளைவீலின் ஆரம் அதைப்போல மூன்று மடங்கு. ஆகவே உள்ளே இருக்கும் ஆட்டம் விளிம்பில் மூன்று மடங்காகப் பெருகித் தெரியும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள்.

பிரித்தபின் பின்னை மைக்ரோமீட்டரால் அளங்கள். புதிதில் 38.10 மி.மீ. வெடிப்பின் அடி எப்போதும் பின்னின் ஒரே பக்கத்தில் விழுவதால் அது வட்டம் இழந்து ஓவல் ஆகும். இரு ஓரங்களிலும், ஒவ்வொன்றிலும் செங்குத்தான இரு திசைகளிலும், ஆக நான்கு அளவு எடுங்கள். ஓவல் 0.013 மி.மீ.க்கு மேல் போனாலோ, ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 0.025 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கிரைண்ட் செய்தாக வேண்டும். 0.25 மி.மீ. குறைத்து கிரைண்ட் செய்த பின்னுக்கு ஏற்ற ராடு கிடைக்கிறது. அதற்குக் கீழே போனால் வழக்கமான ராடு கிடையாது. வேறு கிராங்க் தேட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கிரைண்ட் ஆன பின் மறுபடி ஓவலாகியிருந்தால், பெரும்பாலும் அங்கேயே கணக்கு முடிந்துவிடும். பின்னில் அலுமினியம் அப்பியிருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மியூரியாடிக் அமிலத்தைத் துணியில் தொட்டு ஒற்றினால் அலுமினியம் கரையும். உடனே கழுவி ஆயில் தடவிவிட்டு அளங்கள். அடியில் இருக்கும் பின் பல நேரம் முழுசாகவே இருக்கும்.

போரை அளப்பதும் இதே ஒழுங்கில்தான்: மேல், நடு, கீழ் என மூன்று மட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்வு அதிகம். வெப்பம் கூட, ஆயில் குறைவு. 85.80 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் அடுத்த அளவுக்கு போர் போட வேண்டும். “ரிங் மட்டும் போட்டு ஓட்டிவிடலாம்” என்ற யோசனை இங்கேதான் ஏமாற்றும். போர் 0.10 மி.மீ. பெரிதானால் அதன் சுற்றளவு 0.31 மி.மீ. கூடுகிறது; ரிங் வாயின் இடைவெளி அந்த அளவுக்குத் திறக்கும். புது ரிங்கின் வாய் 0.25 முதல் 0.50 மி.மீ.; ஓடிய ரிங்குக்கு அதிகபட்சம் 0.75. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தேய்ந்த சிலிண்டரில் ரிங் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கும். புது ரிங் போட்ட சந்தோஷம் ஒரு சீசன்கூட நிற்காது.

போர் போடுவதென்றால் முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த பிஸ்டனுக்கே போர் போடச் சொல்லுங்கள். ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது) முடித்த பிளாக்கை பெட்ரோலில் கழுவினால் போதாது. ஹோன் கல்லின் பொடி வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னொரு முறை கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வந்ததும் தாமதிக்காமல் ஆயில் தடவுங்கள். நேரம் விட்டால் துரு பிடிக்கும். ராடையும் அதன் மூடியையும் சேர்க்கும்போது இரண்டிலும் உள்ள குறிகள் ஒன்றோடொன்று பொருந்தி, ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். சில கே301-களில் அதிர்வைக் குறைக்க உள்ளே இரண்டு பேலன்ஸ் கியர்கள் உண்டு. அவற்றின் பேரிங் தேய்ந்து உடைந்தால் பிளாக்கையே சிதைத்துவிடும். பிரித்த கையோடு அவற்றை வெளியே எடுத்துவிடுவதே மேல். அதிர்வு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

முடிவு இப்படித்தான் அமையும். பிளாக்கில் ஓட்டையோ விரிசலோ இல்லை, கிராங்க் பின் ஸ்டாண்டர்டு அளவில் அல்லது ஒரு கிரைண்டுக்கு இடம் தரும் அளவில் இருக்கிறது, போரில் இன்னும் ஒரு படியாவது பாக்கி என்றால் பிரித்துப் புதுப்பியுங்கள். பிளாக்கில் ஜன்னல் திறந்துவிட்டது, அல்லது கிராங்க், போர் இரண்டுமே கடைசி அளவைத் தாண்டிவிட்டன என்றால் மாற்றுங்கள்.

புது இன்ஜின் வாங்குபவர்கள் குதிரைத்திறனைப் பார்த்து வாங்கிவிட்டுப் பொருத்தத்தில் மாட்டிக்கொள்வார்கள். கே301-இன் ஷாஃப்ட் 28.6 மி.மீ.; மாற்றாகப் பலர் எடுக்கும் ஹோண்டா ஜி.எக்ஸ்.390-இல் 25.4 மி.மீ. பெல்ட்டில் ஓடும் வீல் ஹார்ஸில் புல்லியையும் அடித்தகட்டின் உயரத்தையும் சரிசெய்தால் முடிந்தது. பழைய கப் கேடட்டில் அப்படி முடியாது. அதில் சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் இன்ஜினின் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. எதிர்ப்பக்கம் முன்னால் இருந்து புல் வெட்டியை ஓட்டுகிறது. புது இன்ஜின்களின் ஃப்ளைவீலில் அப்படி ஷாஃப்ட் மாட்ட வழி இல்லை, தனி அடாப்டர் வேண்டும். பேட்டரி சார்ஜிங், சைலன்சர், த்ராட்டில் கேபிள் எல்லாம் வேறு. இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தபிறகுதான் போரிங் பட்டறை சொன்ன கூலி அதிகமா குறைவா என்று தெரியும்.

பழைய கே301 இன்னொன்றை வாங்கி மாட்டுவதானால், மேல் தகட்டில் உள்ள ஸ்பெக் எண்ணை உங்கள் இன்ஜினின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே கே301-இல் ஆயில் பானின் வடிவம், ஷாஃப்ட் நீளம், ஸ்டார்ட்டர் வகை எல்லாம் டிராக்டருக்கு டிராக்டர் மாறும். எதை மாட்டினாலும், கழற்றிய பிளாக் உடையாததாக இருந்தால் போருக்கு ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கே வரிசையை இப்போது யாரும் வார்ப்பதில்லை. ஸ்டாண்டர்டு போரில் நிற்கும் ஒரு பிளாக்குக்கு வாங்க ஆள் எப்போதும் உண்டு.