மனுவில் பிழை, கெடு தாண்டியது: யாரிடம் கேட்பது?

சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் போன மாதம் பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே அவர் போட்ட வழக்கின் சம்மன். அடையாள அட்டையில் ‘முனியாண்டி’ ஆங்கில ‘ஒய்’யில் முடிகிறது, சம்மனில் ‘ஐ’. “என் கேஸ் போயிடுச்சாப்பா?” என்றார். குரல் நடுங்கியது.

போகவில்லை. 2012 ஆகஸ்டு 1 முதல் நடப்பில் உள்ள மலேசிய நீதிமன்ற விதிகள் மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர் நீதிமன்றம் மூன்றுக்கும் பொது. தவறான படிவம், விடுபட்ட விவரம் போன்றவை வெறும் முறைகேடுதான், அதனால் வழக்கு செல்லாமல் போகாது என்கிறது அந்த விதிகளின் 2ஆம் பகுதியான 2ஆம் கட்டளை. எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்சேபித்தாலும், பெரிய அநீதி நேர்ந்தாலொழிய நீதிபதி ஏற்கக் கூடாது. உண்மையாகவே தவறிப்போன பெயரைத் திருத்த 20ஆம் கட்டளை வழிவிடுகிறது.

கேட்க வேண்டிய இடம், வழக்கு நடக்கும் அதே நீதிமன்றம். ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் இருந்தால், மனுவும் அங்கேதான்; ஈப்போ உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். விதிகள் வைத்த கெடு முடிந்த பிறகும் அவகாசம் கேட்கலாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். அது தவறினால் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடமே அவகாசம் கேட்க வேண்டும்.

நம் தோட்டத்து மக்கள் ஏமாந்து நிற்பது வேறோர் இடத்தில். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். காரணமின்றி வேலையை விட்டு நிறுத்தினால், மீண்டும் வேலை கேட்டு தொழில் உறவு இலாகாவில் முறையிட 60 நாள்தான். இந்தக் கெடுவை வைத்தது நீதிமன்ற விதி அல்ல, 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. நாடாளுமன்றம் போட்ட கெடுவை, சட்டமே அதிகாரம் தராத வரை, நீதிபதி இரக்கப்பட்டு நீட்ட முடியாது. கூட்டரசு நீதிமன்றம் 1981லேயே இதை உறுதி செய்துவிட்டது. 61ஆம் நாள் எழுத்துப்பிழையே இல்லாத மனுவோடு போனாலும் பயனில்லை. பிழையுள்ள மனுவானாலும் 59ஆம் நாளே கொடுத்துவிடுங்கள்.

வேலை செய்த இடத்துக்கு மிக அருகிலுள்ள இலாகா அலுவலகத்தில் கொடுங்கள். “துரைகிட்ட பேசிப் பார்க்கிறேன், பொறு” என்று தோட்டக் கணக்கரான கிராணி சொன்ன நாட்களும் அந்த 60இல் அடக்கம்.